ஒரே தொண்டையில் உறுமலும் இன்குரலும்: எப்படி?

உக்ரைனின் ஜின்ஜர் இசைக்குழு 2016-இல் வெளியிட்ட 'கிங் ஆஃப் எவ்ரிதிங்' ஆல்பத்தில் 'பைசீஸ்' என்றொரு மெட்டல் பாடல் உண்டு. அதில் குழுவின் பாடகி டாட்டியானா ஷ்மைலுக் மென்மையாகப் பாடத் தொடங்குகிறார். பிறகு திடீரென ஓர் உறுமல் வெடிக்கிறது. இரண்டும் அவர் குரலே!

எப்படி?

குரல்வளையில் இரண்டு குரல் நாண்கள் இருக்கின்றன. நுரையீரலிலிருந்து வரும் காற்றில் அவை சீராக அதிர்ந்தால், சுருதி சுத்தமான குரல் பிறக்கும். அவற்றுக்குச் சற்று மேலே இன்னொரு ஜோடி மடிப்புகள் உள்ளன. 'பொய்க் குரல் நாண்கள்' எனப்படும் இவை சாதாரணப் பேச்சில் ஒதுங்கியே இருக்கும். உறுமும்போது பாடகர் இவற்றை நெருங்கச் செய்து அதிர வைக்கிறார். அந்த அதிர்வு ஒழுங்கற்றது; அதனால்தான் சுருதி மங்கி, கரகரப்பு மேலோங்குகிறது.

தொண்டை புண்ணாகாதா?

பயிற்சியின்றி இறுக்கிக் கத்தினால் நிச்சயம் பாதிக்கும். தேர்ந்த பாடகர்கள் மூச்சை வயிற்றுத் தசைகளால் கட்டுப்படுத்தி, அளவாகவே காற்றை விடுகிறார்கள். ஒலியைப் பெருக்கும் வேலையை மைக் பார்த்துக்கொள்கிறது.

கேட்கும்போது ஏன் சிலிர்க்கிறது?

மனித அலறலில் ஒலியின் வலிமை நொடிக்கு 30 முதல் 150 முறை வரை ஏறி இறங்குகிறது. இந்தக் கரகரப்பு, மூளையில் அச்சத்தை உணரும் அமிக்டலாவைத் தூண்டுவதாக 2015-இல் வெளியான ஆய்வு காட்டியது. உறுமலும் இதே கரகரப்பால் நம்மை உஷாராக்குகிறது. தொடர்ந்து வரும் இன்னிசை அந்தப் பதற்றத்தைத் தணிக்கிறது. இந்த உறுமலை வெறும் இரைச்சல் என்று ஒதுக்குவது தவறு. கடும் பயிற்சியில் விளைந்த கலை இது.