கடலுக்குள் ஒரு கேமரா – 9: பழைய ஸ்ட்ரோபைத் தூக்கிப் போடாதீர்கள்

மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலுக்கு எதிரே, கரையிலிருந்து 500 முதல் 700 மீட்டர் தூரத்தில், 5 முதல் 8 மீட்டர் ஆழத்தில் கற்கள் கிடக்கின்றன. 2002 ஏப்ரலில் கோவாவிலுள்ள தேசியக் கடலாய்வு நிறுவனமும் இங்கிலாந்தின் சயின்டிஃபிக் எக்ஸ்ப்ளோரேஷன் சொசைட்டியும் சேர்ந்து அங்கே மூழ்கிப் பார்த்தன. சரிந்த சுவர்கள், சதுரமாகச் செதுக்கிய கற்கள், சிதறிக் கிடக்கும் கட்டுமானத் துண்டுகள் என்று பதிவு செய்தார்கள். எல்லாவற்றின் மேலும் கடலுயிர்கள் தடிமனாக அப்பிக்கிடந்தன.

எட்டு மீட்டர் என்பது முக்குளிப்பவருக்குப் பெரிய ஆழமே இல்லை. ஆனால் படம் எடுப்பவருக்கு அந்த எட்டு மீட்டர் கொடுக்கும் தொல்லை கொஞ்சமல்ல. வடகிழக்குப் பருவமழையில் பாலாறு வண்டலைக் கொண்டுவந்து கொட்டும். மழை ஓய்ந்தாலும் மணல் அடித்தளத்தை அலை கிளறிக்கொண்டே இருக்கும். போதாக்குறைக்கு, சிவப்பு நிறம் முதல் ஐந்து மீட்டருக்குள்ளேயே பெருமளவு கரைந்துவிடும். மிஞ்சுவது பச்சை. அந்தப் பச்சைக்குள் கல்லும் பாசியும் ஒன்றுபோலவே தெரியும். நிறத்தை மீட்க வேண்டுமானால் வெளிச்சத்தைக் கையோடு கொண்டுபோகத்தான் வேண்டும்.

1926இல் உயிரியலாளர் லாங்லியும் புகைப்படக்காரர் சார்லஸ் மார்ட்டினும் ஃபுளோரிடாவில் கடலடியின் முதல் வண்ணப் படங்களை எடுத்தபோது, தண்ணீர் மேல் மிதக்கும் தெப்பத்தில் மக்னீசியப் பொடியைக் கொளுத்தினார்கள். உயிரைப் பணயம் வைத்த வேலை அது. பிறகு அமெரிக்கப் பொறியாளர் எட்ஜர்டனின் மின்னணு ஸ்ட்ரோப், அதாவது மின்னல் விளக்கு, வந்தது. நிக்கானின் கடலடிக் கேமராக்களான நிக்கானோஸ் வந்தன. 2001இல் நிக்கானோஸ் உற்பத்தி நின்றது. அந்தக் கேமராக்களோடு பிறந்த நிக்கான் எஸ்பி-105, ஐக்லைட் சப்ஸ்ட்ரோப், சீ அண்ட் சீ ஒய்எஸ் வரிசை ஸ்ட்ரோப்கள் இன்றும் பலருடைய பெட்டிகளில் தூங்குகின்றன. 'டிஜிட்டலுக்கு ஒத்துவராது' என்று ஓரங்கட்டப்பட்டவை. நல்ல கண்ணாடி, நல்ல குழல், நல்ல வெளிச்சம். ஒத்துவராதது ஒன்றே ஒன்றுதான்: டிடிஎல், அதாவது லென்ஸ் வழியே வரும் ஒளியை அளந்து ஸ்ட்ரோபைத் தானே கட்டுப்படுத்தும் முறை.

ஃபிலிம் கால டிடிஎல் இப்படி வேலை செய்தது. ஷட்டர் திறந்திருக்கும்போதே ஃபிலிம் மேல் பட்டுத் திரும்பும் ஒளியைக் கேமராவுக்குள் இருக்கும் ஓர் உணரி அளக்கும். போதுமானது வந்ததும் ஸ்ட்ரோபை அணைக்கச் சொல்லிக் கம்பி வழியே சேதி அனுப்பும். டிஜிட்டல் சென்சாரின் கண்ணாடிப் பரப்பு ஃபிலிமைப்போல ஒளியைத் திருப்புவதில்லை. அதனால் 1999இல் வந்த நிக்கான் டி1 வேறு வழியில் போனது. படத்துக்கு முன்னால் ஒரு சின்ன மின்னல் அடித்து, அதை வைத்துக் கணக்குப் போட்டு, அப்புறம் உண்மையான மின்னலை அடிப்பது. இந்த முன்மின்னல் பழைய ஸ்ட்ரோபுக்குத் தெரியாது. கேமராவின் ஃப்ளாஷைப் பார்த்துத் தானும் அடிக்கும் 'ஸ்லேவ்' முறையில் வைத்தால், முன்மின்னலுக்கே மொத்தச் சக்தியையும் கொட்டிவிடும். ஷட்டர் திறக்கும்போது அதனிடம் ஒன்றும் இருக்காது. படம் கறுப்பாக வரும். ஸ்ட்ரோப் பழுது என்று நினைத்துக்கொள்வோம்.

தீர்வு எளிது. கேமராவின் ஃப்ளாஷை மேனுவலுக்கு மாற்றினால் முன்மின்னல் வராது. ஒத்திசைவுக் கம்பியில் இணைத்தாலும் ஸ்ட்ரோபை மேனுவலில் வையுங்கள். பிறகு கணக்கு உங்கள் கையில். தரையில் கைடு நம்பர் (ஸ்ட்ரோபின் சக்தி அளவு) 32 என்று போட்டிருக்கும் ஸ்ட்ரோப், தண்ணீருக்குள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, அதாவது 11தான். அதை மீட்டர் தூரத்தால் வகுத்தால், ஐஎஸ்ஓ 100இல் ஒரு மீட்டர் தூரத்துக்கு எஃப்/11. அரை மீட்டருக்கு நெருங்கினால் எஃப்/22. சரியாக வந்ததா என்று கேமராவின் முதுகிலேயே ஹிஸ்டோகிராமில் பார்த்துக்கொள்ளலாம். அன்று 36 படம் முடித்து, ரோலைக் கழுவக் கொடுத்து, முடிவுக்குக் காத்திருந்தார்கள். டிடிஎல் இல்லாமல் சமாளிக்க முடியாது என்ற நிலை அதனால் வந்தது. அந்தக் கட்டாயம் இன்று போய்விட்டது.

மாமல்லபுரம் போன்ற இடத்துக்கு மேனுவல் ஸ்ட்ரோப்தான் கூடுதல் பொருத்தம் என்பேன். கலங்கிய தண்ணீரில் முழுச் சுவரை ஒரே படத்தில் பிடிக்க முடியாது. அரை மீட்டர் தூரத்தில் நின்று, ஒன்றின் விளிம்பு இன்னொன்றின் மேல் ஏறும்படி வரிசையாக எடுத்து, கணினியில் கோத்து முப்பரிமாண உருவமாக ஆக்கலாம். அதற்கு எல்லாப் படத்திலும் ஒரே அளவு வெளிச்சம் வேண்டும். டிடிஎல், வெளிறிய கல் வந்தால் குறைக்கும், கறுத்த பாசி வந்தால் கூட்டும். மேனுவலில் வைத்த பழைய ஸ்ட்ரோப், சார்ஜ் முழுதாக ஏறும்வரை நாம் பொறுத்தால், ஒவ்வொரு முறையும் அதே அளவுதான் அடிக்கும். கல்லின் உண்மையான நிறமும் விளிம்பும் அதில் கிடைக்கும். படம் தெளிவாக வரவேண்டும் என்பதற்காகக் கல்லின் மேல் வளர்ந்திருப்பதைச் சுரண்டுகிறவர்கள் உண்டு, தயவுசெய்து வேண்டாம். கல்லுக்கும் கேடு, அதில் வாழ்வதற்கும் கேடு.

ஸ்ட்ரோபை எங்கே வைப்பது? மழை இரவில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஹை-பீம் போட்டால் சாலை மறைந்து மழைத்துளிதான் தெரியும். லென்ஸுக்குப் பக்கத்தில் ஸ்ட்ரோப் இருந்தால் வண்டல் துகள்கள் அப்படித்தான் வெள்ளைப் புள்ளிகளாக மின்னும். ஸ்ட்ரோப் மாட்டிய கையை எட்டும் வரை பக்கவாட்டில் நீட்டி, லென்ஸ் முகப்புக்குச் சற்றுப் பின்னே இழுத்து, கற்றையின் ஓரம் மட்டும் கல்லில் படும்படி வெளிப்புறம் திருப்புங்கள். ஷட்டரை 1/200க்கு ஏற்றினால் சுற்றியுள்ள பச்சையும் அடங்கும். பழைய நிக்கானோஸ் ஐந்தாம் மாடலில் இது முடியாது; அதில் 1/90க்கு மேல் ஸ்ட்ரோப் ஒத்திசையாது.

இறக்குவதற்கு முன் பேட்டரி அறையைத் திறந்து பாருங்கள். முனைகளில் பச்சைப் பொரிவு இருந்தால், எலுமிச்சைச் சாற்றில் நனைத்த பஞ்சுக் குச்சியால் மெல்லத் தேய்த்து, ஈரம் போகத் துடைத்துக் காயவைக்க வேண்டும். ஓ-ரிங்கை விரல் நுனியால் உருவினால் ஒரு மணல் துகள்கூடத் தட்டுப்படக் கூடாது. வெடிப்பு தெரிந்தால் புதிது மாற்றி, சிலிகான் கிரீஸை மினுமினுப்பு வரும் அளவுக்கு மட்டும் தடவுங்கள். அப்புறம் ட்ரிகர் வோல்டேஜ், அதாவது ஸ்ட்ரோபின் கம்பி வழியே கேமராவுக்கு வரும் மின்னழுத்தம். பழைய தரை ஃப்ளாஷ்கள் சிலவற்றில் அது 200 வோல்ட்டைத் தாண்டும். டிஜிட்டல் கேமராக்களில் சில 6 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. சென்னை ரிச்சி தெருவில் ஒரு மல்டிமீட்டர் வாங்கி, ஸ்ட்ரோபை முழுதாகச் சார்ஜ் ஏற்றி, கம்பியின் முனைகளில் அளந்த பிறகே கேமராவில் மாட்டுங்கள். ஸ்ட்ரோபின் உடலை மட்டும் நீங்களாகப் பிரிக்க வேண்டாம். உள்ளே இருக்கும் கெபாசிட்டர் 300 வோல்ட் அளவில் சேமித்து வைத்திருக்கும். பேட்டரியைக் கழற்றிய பிறகும் அது ஆளைக் கொல்லும்.

உப்புத் தண்ணீர் உள்ளே புகுந்துவிட்டால் பேட்டரி வாயுவைக் கக்கும். அப்போது மூடியை முகத்துக்கு எதிரே வைத்துத் திறக்காதீர்கள். வெளிப்பக்கம் திருப்பி, மெல்லத் தளர்த்துங்கள். நல்ல தண்ணீரில் அலசிவிட்டு, விவரம் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

அடுத்த இதழில்: கேமராவுக்கான ஹவுசிங்கும், குவிகண்ணாடி முகப்பு தண்ணீருக்குள் செய்யும் மாயமும்.