பச்சை உடம்புக்காரிக்கு ஒரு கீரைப் பாத்தி

செஞ்சியில் பிள்ளை பெற்றவளுக்கு வேண்டிய சுக்கு, கண்டந்திப்பிலி, ஓமம், கருப்பட்டி எல்லாம் நாட்டு மருந்துக் கடையில் கிடைத்துவிடும். அன்றன்று பறித்த கீரைதான் வீட்டில் இருந்தாக வேண்டும். பிள்ளை பிறந்தபின் விதை தேடினால் பிந்திவிடும். பேறுகால மாதத்திலிருந்து பின்னோக்கி எண்ணி நட வேண்டும்.

முதலில் முருங்கை. நான்காம் மாதத்துக்குள் விதை மண்ணுக்குப் போய்விடட்டும். பெரியகுளத்தில் உருவான பி.கே.எம்.1 ரகம் சீக்கிரம் வளரும். செம்மண்ணும் மக்கிய சாண எருவும் சரிபாதி கலந்த குழியில் ஓர் அங்குல ஆழத்தில் ஊன்றினால் 10 நாள் முன்பின் முளைக்கும். 75 செ.மீ. உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிட வேண்டும். கிள்ள மனசு வராதுதான். விட்டால் ஒரே கம்பாக உயர்ந்து கீரை கைக்கு எட்டாமல் போகும். உரத்துக்கு அலைய வேண்டாம், இது மல்லாட்டை (நிலக்கடலை) விளைகிற பூமி. புண்ணாக்கை இரண்டு நாள் ஊறவைத்து, பத்துப் பங்கு தண்ணீர் கலந்து 15 நாளுக்கொரு முறை ஊற்றினால் போதும். இடம் மட்டும் பார்த்து நடுங்கள். மழைக்காலத்தில் முருங்கையில் கம்பளிப்பூச்சி அடையும். பிள்ளைத் துணி காயும் கொடியருகே அந்த மரம் ஆகாது.

கறிவேப்பிலை மெதுவாக வளரும், கன்றாகவே வாங்குங்கள். கற்பூரவள்ளிக்கு ஒரு கிளை ஒடித்து நட்டால் சரி.

பால் சுரக்கும் என்று தண்ணீர்விட்டானையும் சிலர் நடுவார்கள். கிழங்கு தேற ஒன்றரை வருடமாவது ஆகும். அடுத்த பிள்ளைக்கு வேண்டுமானால் உதவும்! தமிழக அரசின் மகப்பேறு சஞ்சீவிப் பெட்டகத்தில் இடம்பெற்ற சதாவரி லேகியம் இந்தக் கிழங்கில் செய்வதுதான்; சித்த மருத்துவரைக் கேட்டுச் சாப்பிடலாம்.

வெந்தயத்துக்கு அவசரமில்லை. ஒன்பதாம் மாதம் ஒரு பிடியை இரவு ஊறவைத்து அகலத் தொட்டியில் தூவுங்கள். மூன்று, நான்கு வாரத்தில் பறிக்கலாம். வாரம் ஒரு தொட்டி விதைத்தால் கீரை தொடர்ந்து வரும். செஞ்சிக் கோட்டைக் குன்றுகளான ராஜகிரியும் கிருஷ்ணகிரியும் சித்திரையில் காய்கிற காய்ச்சலுக்கு வெந்தயம் வாடிவிடும், அப்போது தென்னங்கீற்றுப் பந்தல் வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் தொட்டியைத் தாழ்வாரத்துக்கு நகர்த்துங்கள். பூச்சிமருந்து கூடவே கூடாது.

இவ்வளவு வளர்த்தும், “கீரை தின்னா பிள்ளைக்கு மாந்தம் வரும்” என்று மாமியார் தடுத்தால் என்ன பயன்? பாத்தி போடுமுன் அவரிடம் பேசிவிடுவது நல்லது. நன்றாக வேகவைத்த ஒரு பிடி முருங்கைக்கீரையில், பூண்டு தட்டிப் போட்டு, இறக்கியபின் எலுமிச்சை பிழிந்து தொடங்கலாம். புளிப்பு இரும்புச்சத்தை உடம்பில் சேர்க்கும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அது கெட்டது.

கீரை இருக்கிறதே என்று மாத்திரையை நிறுத்தக் கூடாது. ஆஸ்பத்திரியில் தரும் இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரையைப் பேறுக்குப்பின் 180 நாள் விழுங்க வேண்டும். பாலூட்டும் முதல் 6 மாதம் தினம் கூடுதலாக 600 கலோரி தேவை. அது கீரையில் வராது. சோறு, பருப்பு, முட்டை, மீன், மல்லாட்டை உருண்டையில்தான் வரும்.