கார்ச் சில்லு கழற்றிப் பூட்டுவது எப்படி?

"தம்பி, காருக்குக் காத்துப் போட்டுது, ஒருக்கா பார்க்கிறியே?" பிரித்தானியாவில் உறவினர் வீட்டில் தங்கியிருக்கும் உங்களிடம் இப்படி ஒருநாள் கேட்பார்கள். ஊரில் சைக்கிள் சில்லு கழற்றியவர்களுக்கு இது பெரிய வேலையல்ல. ஆனால் காரின் பாரம் அநேகமாக ஒரு தொன்னுக்கு மேல். ஆகவே வேலையின் ஒழுங்கு மாறக்கூடாது.

முதலில் இடம். சமமான, இறுகிய தரை வேண்டும். புல்லோ சரிவோ கூடாது. ஹான்ட் பிறேக்கை இழுத்து, முதலாம் கியரில் விடுங்கோ. ஓட்டோமற்றிக் என்றால் 'பி'யில் விடுங்கோ. கழற்றும் சில்லுக்கு மூலைவிட்டமாக உள்ள சில்லுக்கு ஒரு செங்கல் அண்டை வையுங்கோ. காருக்குள் ஒருவரும் இருக்கக்கூடாது.

1. சில்லு தரையில் இருக்கும்போதே நட்டுகளை இடப்பக்கமாக அரைச் சுற்று இளக்குங்கோ. தூக்கிய பிறகு இளக்கினால் சில்லும் சேர்ந்து சுற்றும், கார் ஜக்கிலிருந்து சரியலாம். ஒரு நட் மட்டும் வேறு வடிவமாக இருந்தால் அது கள்ளருக்கான பூட்டு. அதற்குரிய துண்டு காருக்குள் எங்காவது வைத்திருப்பார்கள், கேளுங்கோ.

2. ஜக் வைக்கும் இடம் காரின் கைநூலில் படமாக இருக்கும். வேறு இடத்தில் வைத்தால் தகடு நெளியும். சில்லு தரையை விட்டுச் சற்று எழும்பும் வரை உயர்த்துங்கோ.

3. கழற்றிய சில்லைக் காரின் கீழ்விளிம்புக்கு அடியில் படுக்க வையுங்கோ. ஜக் சரிந்தாலும் கார் அதில் தங்கும். ஜக்கை மட்டும் நம்பி உடம்பைக் காருக்குக் கீழே கொண்டு போகவே வேண்டாம்.

4. மற்றச் சில்லைப் பூட்டி, எல்லா நட்டுகளையும் முதலில் கையால் திருகுங்கோ. எண்ணெய் பூச வேண்டாம்.

5. காரை இறக்கிய பின் ஸ்பனரால் இறுக்குங்கோ. ஒன்றை இறுக்கினால் அடுத்தது அதற்கு எதிரே உள்ளது. சுற்றிவர வரிசையாக இறுக்கினால் சில்லு நேராக உட்காராது. ஸ்பனரில் ஏறி மிதிக்கவும் வேண்டாம்.

சுமார் 50 கிலோமீற்றர் ஓடியபின் நட்டுகளைத் திரும்ப இறுக்கிப் பார்க்க வேண்டும். இதை ஓட்டுபவருக்கு மறக்காமல் சொல்லுங்கோ. பூட்டியது ஒடுக்கமான மாற்றுச் சில்லு என்றால் மணிக்கு 50 மைலுக்கு மேல் ஓடக்கூடாது.

இப்போது பல கார்களில் மாற்றுச் சில்லே இல்லை, ஓட்டை அடைக்கும் பசையும் காற்றுப் பம்பும்தான் இருக்கும்.

மோட்டர்வேயில் சில்லு மாற்றவே வேண்டாம். இடப்பக்கக் கதவால் இறங்கி, வேலிக்குப் பின்னால் நின்று உதவி கேளுங்கோ.

கடைசியாக ஒன்று. சில்லு மாற்றிக் கொடுப்பது உதவி. "ஒருக்கா ஓடிப் பார்ப்பம்" என்று வீதியில் இறங்குவது வேறு விசயம். அந்தக் காரின் இன்சூரன்ஸ் உங்களை உள்ளடக்காவிட்டால் 300 பவுண் தண்டம், 6 புள்ளிகள் வரலாம். பொலிசார் காரையும் கொண்டு போகலாம். உங்கள் அகதி விண்ணப்பம் நிலுவையில் இருக்கும் நேரத்தில் இந்த வில்லங்கம் தேவையா? சாவியை உரியவரிடம் கொடுத்துவிட்டுக் கையைக் கழுவுங்கோ.