வேலியோரப் பூனைக்கு ஒரு மழை வீடு

ஐப்பசி பிறந்தால் யாழ்ப்பாணத்தில் மழைக்காலம்தான். 2008 நவம்பரில் நிஷா புயல் கொட்டிய மழையில் வளவுகள் குளமானதை மறந்திருக்க மாட்டீர்கள். இப்படியான நாட்களில் வேலியோரப் பூனைகள் ஒதுங்க இடமின்றி அலையும்.

அவற்றுக்கு வீடு அமைக்க, மீன்கடையில் கழித்துவிடும் றெஜிபோம் பெட்டி ஒன்று போதும். மணம் போகக் கழுவிக் காயவையுங்கள். பக்கவாட்டில், அடியிலிருந்து நாலு விரல் உயரத்தில், 6 அங்குல அகலத்துக்கு ஓட்டை வெட்டுங்கள். பூனை நுழையும், பெரிய நாய் நுழையாது. உள்ளே பழந்துணி வேண்டாம், அது ஈரத்தைப் பிடித்துவைக்கும். காய்ந்த வைக்கோலைப் பரப்புங்கள். மூடியை இறுக்கி, மேலே கிடுகு போட்டு, பாரத்துக்குக் கல் வையுங்கள். நாலு சீமெந்துக் கல்லின் மேல் பெட்டியை ஏற்றி, வாசலைத் தென்மேற்குப் பக்கம் திருப்பிவிடுங்கள். வாடை வடகிழக்கிலிருந்துதானே வீசும்!

ஒரு கவனம்: பழகாத பூனையைத் தூக்காதீர்கள். கடித்தாலோ பிறாண்டினாலோ, சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். விசர்நோய் நாயால் மட்டும் வருவதல்ல.