பிளாச்சிமடா கேட்கும் சட்டம்

பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து கேரள எல்லையைத் தாண்டினால் சற்றுத் தொலைவில் பிளாச்சிமடா. கொக்கோ கோலா 2000-இல் அங்கே ஆலை திறந்தது. வருமானம் வரும், வேலை கிடைக்கும் என்று நம்பிப் பெருமாட்டி ஊராட்சிதான் உரிமம் கொடுத்தது. ஓரிரு ஆண்டுகளுக்குள் கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாதபடி ஆயிற்று. அதில் சோறு சரியாக வேகவில்லை. குளித்தவர்களுக்கு உடம்பு அரித்தது. பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு வேறு இடம் தேடி நடந்தார்கள். ஆலைக் கழிவை உரம் என்று சொல்லி உழவர்களுக்குக் கொடுத்தார்கள். சோதித்துப் பார்த்தால் அதில் காட்மியம் என்னும் நச்சு உலோகம்!

2002 ஏப்ரல் 22 அன்று ஆலை வாசலில் போராட்டம் தொடங்கியது. உட்கார்ந்தவர்களில் பெரும்பாலோர் ஆதிவாசிகள். எரவாளர் சமூகத்து மயிலம்மா முன்னின்றார். மறு ஆண்டே அதே ஊராட்சி உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. ஆனாலும் 2005-இல் உயர் நீதிமன்ற அமர்வு, நாளொன்றுக்கு 5 லட்சம் லிட்டர் எடுக்கலாம் என்றது.

மயிலம்மா 2007-இல் காலமானார். அரசு அமைத்த உயர்நிலைக் குழு 2010-இல், ஊருக்கு நேர்ந்த இழப்பு 216 கோடி ரூபாய் என்று கணக்கிட்டது. இழப்பீட்டுக்குத் தனித் தீர்ப்பாயம் அமைக்க 2011-இல் கேரளச் சட்டமன்றம் ஒருமனதாக மசோதா நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்காததால் அது சட்டமாகவேயில்லை.

ஊராட்சி பேசியது, சட்டமன்றம் பேசியது, எல்லாக் கட்சியும் கை தூக்கியது. இத்தனைக்கும் பிறகு பாதிக்கப்பட்டவர் கையில் அந்தச் சட்டம் இல்லை. வாக்கைப் பெற்றுக்கொண்டு முடிவை மட்டும் எட்டாத இடத்தில் வைத்திருக்கும் ஆட்சிமுறையை மக்களாட்சி என்று என்னால் சொல்ல முடியவில்லை.

வேறு வழி இருக்கிறது. ஒடிசாவின் நியம்கிரி மலையில் வேதாந்தா நிறுவனத்தின் ஆலைக்காக பாக்சைட் வெட்ட முனைந்தபோது, 2013-இல் உச்ச நீதிமன்றம் கிராம சபைகளையே கேட்கச் சொன்னது. 12 சபைகள் கூடின, பன்னிரண்டும் மறுத்தன. 2014 ஜனவரியில் மத்திய அரசும் அனுமதி மறுத்தது. அந்த மலையில் வாழும் டோங்ரியா கோண்டு பழங்குடி மக்களுக்கு 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் பிடிமானமாக இருந்தது. சமவெளி ஊர்களுக்கு அப்படி ஒரு பிடிமானம் இல்லை.

நிலத்தடி நீரை எடுக்கும் எந்த ஆலைக்கும் கிராம சபையின் ஒப்புதல் கட்டாயம் என்று சட்டம் வேண்டும். வரும் அக்டோபர் 2 அன்று உங்கள் ஊர்க் கிராம சபைக்குப் போய், இதைத் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள்.