கண்ணிருந்தும் காணாதவன்

கிரேக்க நாட்டின் ஏதென்ஸ் நகரில் கி.மு. 5ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த நாடகாசிரியர் சோபோக்ளிஸ். அவர் இயற்றிய நாடகங்களுள் பெரும்புகழ் பெற்றது 'ஈடிபஸ் மன்னன்' என்னும் துன்பியல் நாடகம். உயர்ந்த நிலையில் இருக்கும் ஒருவனின் வீழ்ச்சியைக் காட்டி, காண்போர் உள்ளத்தில் இரக்கத்தையும் அச்சத்தையும் எழுப்புவது துன்பியல் நாடகம். பார்வை, பார்வையின்மை என்னும் இரண்டும் இந்நாடகம் முழுவதும் இழையோடுகின்றன.

ஸ்பிங்க்ஸ் என்னும் கொடிய விலங்கு தீப்ஸ் நகர மக்களிடம் ஒரு விடுகதை கேட்டு, விடை கூறாதவரைக் கொன்று வந்தது. காலையில் நான்கு கால், நண்பகலில் இரண்டு கால், மாலையில் மூன்று கால் கொண்டு நடப்பது எது என்பதே அவ்விடுகதை. வழிப்போக்கனாக வந்த ஈடிபஸ், 'மனிதன்' என்று விடை கூறினான். தவழும் குழந்தையும், நிமிர்ந்து நடக்கும் இளைஞனும், கோலூன்றிய முதியவனும் மனிதனே அல்லவா? நகரைக் காத்த அவனை மக்கள் அரசனாக்கினர். இறந்துபோன அரசன் லேயசின் மனைவி ஜோகாஸ்டாவை அவன் மணந்தான்.

ஆண்டுகள் பல கழிந்தன. நகரில் கொள்ளைநோய் பரவியது. லேயசைக் கொன்றவனைக் கண்டுபிடித்தாலன்றி நோய் நீங்காது என்று டெல்பி கோயிலின் தெய்வவாக்கு அறிவித்தது. கொலையாளியைச் சபித்த ஈடிபஸ், உண்மையறிய டைரீசியஸ் என்னும் முதியவரை அழைத்தான். அவர் பார்வையற்றவர், ஒரு சிறுவன் அவரைக் கைப்பிடித்து அழைத்து வந்தான். உண்மையை உரைக்க அவர் தயங்கினார். சினமுற்ற மன்னன் அவரைச் சதிகாரர் என்று பழித்தான். அவருடைய பார்வையின்மையையும் எள்ளினான். அதன் பின்னரே அவர் வாய் திறந்தார். தேடப்படும் கொலையாளி ஈடிபசே என்றும், கண்ணிருந்தும் அவன் தன் நிலையைக் காணவில்லை என்றும் கூறினார். மன்னன் அதனை நம்பவில்லை.

ஈடிபஸ் என்னும் பெயருக்கு 'வீங்கிய பாதம் உடையவன்' என்பது பொருள். தந்தையைக் கொல்வான் என்னும் தெய்வவாக்குக்கு அஞ்சி, லேயஸ் தன் குழந்தையின் கணுக்கால்களைப் பிணித்து மலையில் எறியச் செய்தான். அக்குழந்தை பிழைத்துக் கொரிந்து நாட்டில் வளர்ந்தது. மனிதனின் கால்களைப் பற்றிய விடுகதைக்கு விடை கண்ட அறிவாளன், தன் காலில் இருந்த தழும்பின் பொருளை அறியவில்லை. முச்சந்தியில் நேர்ந்த சண்டையில் தான் கொன்ற முதியவரே தன் தந்தை என்பதையும், மணந்தவள் தன் தாய் என்பதையும் அவன் அறியவில்லை.

ஆயினும், அவனிடம் ஓர் உயர்பண்பு இருந்தது. உண்மையை உணர்ந்துகொண்ட ஜோகாஸ்டா, மேலும் ஆராய வேண்டா என மன்றாடினாள். குழந்தையை அன்று ஏற்றுச்சென்ற ஆயனும் பேச அஞ்சினான். ஈடிபஸ் பின்வாங்கவில்லை, தனக்கே கேடாயினும் உண்மையைக் கேட்டறிந்தான். ஜோகாஸ்டா உயிர்துறந்தாள். அவளுடைய ஆடையில் இருந்த ஊசிகளால் அவன் தன் கண்களைக் குத்திக்கொண்டான். காண வேண்டியதைக் காணாத கண்கள் இனி எதையும் காண வேண்டா என்று அவன் கருதினான். இக்கொடுமை மேடையில் காட்டப்படுவதில்லை. ஏவலன் ஒருவன் வந்து உரைக்கிறான்.

கண்பார்வை வேறு, அறிவு வேறு என்பதை இந்நாடகம் உணர்த்துகிறது. பார்வையற்ற டைரீசியஸ் உண்மையை அறிந்திருந்தார். பார்வையுடைய மன்னனோ அதனை இழந்த வேளையில்தான் தன்னை அறிந்தான். சோபோக்ளிஸ் தம் முதுமையில் எழுதிய மற்றொரு நாடகத்திலும் ஈடிபஸ் வருகிறான். அதில் அவன், தான் எள்ளிய முதியவரைப் போலவே, மகள் ஆண்டிகனியின் கையைப் பற்றி நடக்கிறான்.