காற்று ஓய்ந்த கடலிலே

கடற்பயணம் என்றதும் கரையில் வாழும் நமக்குப் புயலே நினைவுக்கு வருகிறது. பாய்மரப் படகில் பெருங்கடலைக் கடந்தவர்களோ காற்றில்லாத நாட்களையும் அதே அச்சத்தோடு நினைவுகூர்வார்கள். காற்று நின்றாலும், எங்கோ வீசிய புயலின் அலைகள் உருண்டு வந்தபடியே இருக்கும். படகு இருபுறமும் சாய்ந்தாடும். காற்றால் நிரம்பாத பாய் ஒவ்வோர் ஆட்டத்திலும் படபடவென்று அறையும், தையல் பிரியும். கயிறுகள் ஒரே இடத்தில் உராய்ந்து நூல்நூலாகத் தேயும். படகு ஓர் அடி நகராத நாளிலும் அதன் உறுப்புகள் தேய்ந்துகொண்டே இருக்கும்!

ஆயினும் அந்த அமைதியே ஒருமுறை ஒரு படகைக் காப்பாற்றியது. ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் என்ற ஆங்கிலேயக் கப்பல் அதிகாரி, தம் 29-ஆம் வயதில், 1968 ஜூன் 14 அன்று பால்மவுத் துறைமுகத்திலிருந்து தனியே புறப்பட்டார். எங்கும் நிற்காமல், எவர் உதவியும் பெறாமல் உலகைச் சுற்றிவரும் போட்டி அது. போட்டியில் இறங்கியோர் ஒன்பது பேர். அவருடைய ‘சுஹைலி’ 32 அடி நீளமே உள்ள தேக்குப் படகு. நம் பம்பாயில் கட்டப்பட்டது.

சில வாரங்களிலேயே, அட்லாண்டிக் கடலில், படகினுள் நீர் ஏறத் தொடங்கிற்று. அவர் நீரில் குதித்து அடிப்புறத்தைத் தடவிப் பார்த்தார். அடிக்கட்டையை ஒட்டிய பலகை இணைப்பு இரு பக்கமும் பிளந்திருந்தது. இணைப்பில் பஞ்சைத் திணித்துக் கீல் பூசி அடைப்பதை நம் கடற்கரைத் தச்சர்கள் கலப்பத்து என்பார்கள். கரையில், உலர்ந்த மரத்தில் செய்யவேண்டிய வேலை! இவரோ மூச்சை அடக்கி நீருக்கடியில் அதைச் செய்ய முற்பட்டார். திணித்த பஞ்சு நில்லாமல் வெளிவந்தது. மேலே ஏறி, நீண்ட கித்தான் துண்டில் பஞ்சைத் தைத்து, கீல் பூசி, சிறு செப்பாணிகளைக் குத்தி எடுத்துக்கொண்டு மீண்டும் மூழ்கினார். ஒரு மூச்சுக்கு ஓர் ஆணி அடிப்பதே பெரும்பாடு. வெளிறிய உடல் சுறாக்களை ஈர்க்கும் என்று கருநிறச் சட்டையும் காற்சட்டையும் அணிந்திருந்தார். அப்படியும் ஒரு சுறா வந்து வட்டமிட்டது. மேலேறித் துப்பாக்கியால் அதைச் சுட்டார். பிற சுறாக்கள் வரவில்லை என்று சிறிது நேரம் பார்த்திருந்த பின்னரே மறுபடியும் இறங்கினார். கித்தான் பிய்ந்துவிடாதிருக்க அதன்மேல் செப்புத் தகட்டையும் வைத்து அறைந்தார். படகு ஓடிக்கொண்டிருந்தால் இவற்றில் ஒன்றேனும் இயலுமா?

பின்னர் நேர்ந்தவற்றை விரித்துரைக்க இடமில்லை. தென்கடல் அலையொன்று படகைப் புரட்டியபோது குடிநீர்த் தொட்டிகள் கெட்டன. அதன்பின் மழைநீரைப் பிடித்தே காலம் கழித்தார். வானொலிக் கருவி பழுதாயிற்று. ஆஸ்திரேலியாவை அணுகுகையில், தானே சுக்கானைத் திருப்பிப் படகைச் செலுத்தும் கருவியும் சீர்செய்ய முடியாதபடி உடைந்தது. அவர் உறங்கும்போது படகு திசைமாறுமே! பாய்களை ஏற்றியும் குறைத்தும், அவற்றின் இழுவிசை ஒன்றையொன்று ஈடுசெய்யுமாறு அமைத்து, ‘சுஹைலி’ தானே நேர்வழி செல்லும் முறையைப் பொறுமையாகக் கண்டறிந்தார். கருவியைவிட இதுவே நெடுநாள் உழைத்தது.

நகைப்புக்கும் குறைவில்லை. ஒருநாள் பாயைத் தைத்து முடிச்சிட்டவர், தம் மீசையையும் சேர்த்து முடிந்திருப்பதை உணர்ந்தார். கத்தி எட்டாத தூரத்தில் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு தலையை வெடுக்கென இழுத்தார். பாய் தப்பியது, மீசையில் கொஞ்சம் போயிற்று. இளங்காற்று வீசும் நாட்களில் படகின் முன்முனையிலிருந்து குதித்து நீந்துவார். படகு தம்மைக் கடந்து போகுமுன் கயிற்றைப் பற்றி ஏறுவார். வீட்டார் இதை அப்போது அறியாதது நல்லதே.

நியூசிலாந்தை விட்டகன்ற பின் மாதக்கணக்கில் அவரைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. இறந்திருப்பார் என்று பலர் எண்ணினர். 1969 ஏப்ரலில், அசோர்ஸ் தீவுகளின் அருகே, ஓர் எண்ணெய்க் கப்பலுக்கு விளக்கொளியால் செய்தி அனுப்பினார். ஏப்ரல் 22 அன்று, 312 நாட்களுக்குப் பின், துருவேறிய கறைகளோடு ‘சுஹைலி’ பால்மவுத்தை அடைந்தது. ஒன்பது பேரில் பயணத்தை முடித்தவர் அவர் ஒருவரே. சுங்க அதிகாரிகள் படகில் ஏறி, வழக்கம்போலக் கேட்டனர்: “எந்தத் துறைமுகத்திலிருந்து வருகிறீர்கள்?”

“பால்மவுத்திலிருந்து” என்றார் அவர்.